நம்பாதவர் எந்த வாசலில் நுழைவது?

கேள்வி: எனக்கு வயது 54. கல்லூரி நாட்களிலிருந்தே கடவுள் நம்பிக்கை கிடையாது, இன்றும் இல்லை. போன வருடம் நண்பன் ஒருவன் இறந்தான். அவன் போய்வந்துகொண்டிருந்த வழிபாட்டுக் குழுவிலிருந்து இரண்டு மாதம், வாரம் தவறாமல் யாராவது ஒருவர் அவன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். சில மாதம் கழித்து என் அக்கா இறந்தார். எங்கள் வீட்டுக்கு நான்காம் நாளுக்குப் பிறகு யாரும் வரவில்லை. அப்போதிருந்து ஒரு யோசனை அரித்துக்கொண்டே இருக்கிறது. நம்பிக்கை இல்லாதவன் ஒரு மதத்தைத் தேர்ந்தெடுத்துப் பின்பற்றினால் என்ன? அப்படியானால் எதை? பௌத்தம்தான் சரிப்படும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் தியானம் செய்து பார்த்தேன், இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன். பகுத்தறிவு பேசும் நண்பர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள். என் மகள் வேறு, “உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க என்னப்பா செய்யணும்?” என்கிறாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

அக்காவின் மறைவுக்கு என் அனுதாபம். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை “எதை?” என்ற கேள்விதான் கண்ணில் பட்டது. இரண்டாம் தடவை “நான்காம் நாளுக்குப் பிறகு யாரும் வரவில்லை” என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மற்றதெல்லாம் அந்த வரியிலிருந்து கிளம்பியதாகத்தான் எனக்குப் படுகிறது. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

நான் மனநல ஆலோசகர். அதற்கு முன் தத்துவம் படித்தேன். மதகுரு இல்லை. எனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்பதை என்னிடம் வருகிறவர்களிடம் சொல்வதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. ஆனால் இதே கேள்வியோடு வந்தவர்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஒரு சாவுக்குப் பிறகு வருவார்கள், இல்லாவிட்டால் முதல் குழந்தை பிறந்த கையோடு வருவார்கள்.

நண்பர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். மதங்களை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்பது நம் மொழியில் பழைய வேலை. மணிமேகலை வஞ்சி நகரில் சமயக் கணக்கர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறாள். அதற்கென்றே ஒரு காதை முழுதாக இருக்கிறது. அளவைவாதி, சைவவாதி, வைணவவாதி, ஆசீவகவாதி, நிகண்டவாதி, சாங்கியவாதி என்று கேட்டுக்கொண்டே போய்க் கடைசியில் பூதவாதியிடம் வருகிறாள். உங்கள் நண்பர்களுக்கு மூதாதை அவர்தான். கண்ணால் கண்டதுதான் உண்மை, மற்றதெல்லாம் கதை என்கிறவர். அவரிடம் அவள் கேட்பது ஒன்றே ஒன்று: உன் தாய் தந்தை இவர்கள்தாம் என்பதை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிந்தாய்? அந்த வரிசையில் யாருடைய மதமும் அவளுக்கு ஒப்பவில்லை. பிறகு பௌத்தத்தில் போய் நிற்கிறாள். ஆனால் ஒருவரையும் விடாமல் கேட்டுவிட்டுத்தான் போனாள். நீங்களும் கேட்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, உங்கள் கடிதம் முழுக்க ஓர் உறுத்தல் இருக்கிறது: நம்பாமல் பின்பற்றுவது பொய்யில்லையா?

இதற்கு மேற்கில் ஒரு பிரபலமான பதில் உண்டு. 17-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கணித மேதை பாஸ்கல் சொன்னது. அவர் இறந்து 8 வருடம் கழித்து 1670-ல் அச்சான குறிப்புகளில் இருக்கிறது. கடவுள் இருந்துவிட்டால் நம்பியவனுக்குக் கிடைப்பது அளவற்றது; இல்லாவிட்டால் போவது கொஞ்சம்; ஆகவே இருக்கிறார் என்று பந்தயம் கட்டு என்கிறார். நம்பத்தான் வரவில்லையே என்கிறவனுக்கும் வழி சொல்கிறார்: நம்புகிறவர்களைப் போலவே நடந்துகொள், புனித நீரைத் தொடு, பூசை நடக்கட்டும், மனம் தானாகப் படியும். ஓர் இமாமும் இதே கணக்கைச் சொல்லலாமே என்று பின்னால் வந்த பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தீதரோ ஒரே வரியில் முடித்துவிட்டார். எந்த மதத்தை என்று கேட்கும் உங்களுக்கு இந்தப் பந்தயம் உதவாது, அது எல்லா மதத்துக்கும் ஒரே மாதிரி பொருந்தும். எனக்கு இதில் வேறொரு சங்கடமும் உண்டு. நாளடைவில் நாம் ஏமாற்றப் பார்ப்பது கடவுளையா நம்மையா என்று நமக்கே தெரியாமல் போய்விடும்.

கிழக்கிலிருந்து வரும் பதில் எனக்கு இன்னும் நெருக்கமானது. ஆவிகளுக்குப் படைக்கும்போது அவை எதிரில் இருப்பதுபோலப் படைக்க வேண்டும் என்பது கன்பூசியஸ் மரபு. அவை இருக்கின்றனவா என்ற ஆராய்ச்சியில் அவருக்கு அக்கறை இல்லை. ஆவிகளுக்குத் தொண்டு செய்வது பற்றிக் கேட்ட சீடனிடம், மனிதர்களுக்கே இன்னும் ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை, ஆவிகளுக்கு எப்படிச் செய்வாய் என்று கேட்டார். அவர் வழியில் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் வந்த சுன்சி இன்னும் ஒரு படி மேலே போனார். மழைக்காகச் சடங்கு செய்தோம், மழையும் பெய்தது, ஏன்? காரணம் ஒன்றுமில்லை; சடங்கு செய்யாதபோதும் மழை பெய்கிறதே, அதுபோலத்தான் என்றார். ஆனாலும் சடங்கை நிறுத்தச் சொல்லவில்லை. சான்றோர் அதைப் பண்பாடாகக் கொள்கிறார்கள், பொதுமக்கள் தெய்வமாகக் கொள்கிறார்கள் என்றார். இந்தச் சான்றோர், பொதுமக்கள் என்ற பிரிவினை எனக்கு உவப்பில்லை. மற்றபடி அவர் சொல்வது சரி.

இறந்தவரின் உடைகளைத் துவைத்து, மடித்து, அலமாரியில் வைக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நீங்களே கூடச் செய்திருக்கலாம். அவர் வந்து அதை உடுத்தப்போவதில்லை என்று மடிக்கிறவருக்குத் தெரியும். காலரை நேராக்குவார், சுருக்கத்தை உள்ளங்கையால் நீவுவார். அந்தக் கை பொய் சொல்கிறது என்று யாராவது சொல்வோமா?

கை செய்வது பொய்யாகாது என்பது என் கட்சி. வாய் சொல்வது பொய்யாகலாம். ஆகவே நம்பாதவர் ஒரு மதத்தின் வாசலில் நின்று முதலில் பார்க்க வேண்டியது, அது உங்கள் வாயிலிருந்து எதைக் கேட்கிறது என்பதை.

இஸ்லாத்தின் வாசல் கலிமா. அது ஒரு சாட்சியம். இறைவன் ஒருவனே, முகம்மது அவனுடைய தூதர் என்று மனமறிந்து சாட்சி சொல்ல வேண்டும். மனதில் இல்லாமல் வாயால் மட்டும் சொல்கிறவரை அந்த மரபே நயவஞ்சகர் என்று கடுமையாகச் சொல்கிறது. அவர்கள் அதை இவ்வளவு பெரிதாக மதிக்கும்போது நாம் விளையாட்டாகச் சொல்வது மரியாதை இல்லை. கிறிஸ்தவத்தில் பெரும்பாலான சபைகளின் வாசலில் விசுவாசப் பிரமாணம் இருக்கிறது. 325-ல் நைசியாவில் உருவாகி 381-ல் விரிவானது. “ஒரே கடவுளை நம்புகிறேன்” என்றுதான் தொடங்கும். உள்ளே போய்விட்டவர்களின் கதை வேறு. நெதர்லாந்தில் கிளாஸ் ஹென்ட்ரிக்சே என்ற போதகர், கடவுள் என்று தனியாக ஒருவர் இல்லை என்று 2007-ல் புத்தகமே எழுதினார். பெரிய சர்ச்சை ஆனது, இருந்தும் பதவியில் நீடித்தார். ஆனால் வெளியிலிருந்து புதிதாக நுழைகிறவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது. சீக்கிய மார்க்கத்தில் சேவைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், யாரும் உங்களைச் சோதிக்கமாட்டார்கள். அமிர்தம் பெற்று முழுதாகச் சேர்வது வேறு விஷயம். அங்கே ஒரே இறைவன் என்பதுதான் முதல் எழுத்து.

யூதத்தின் வாசல் வினோதமானது. மனதில் என்ன நினைக்கிறாய் என்பதைவிட என்ன செய்கிறாய் என்பதற்கு அங்கே எடை அதிகம். நம்பிக்கை போய்விட்ட பிறகும் ஓய்வுநாளையும் பண்டிகைகளையும் விடாத யூதர்கள் ஏராளம். 1963-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷெர்வின் வைன் என்ற யூத மதகுரு, கடவுளின் பெயரே வராத வழிபாட்டை உருவாக்கி ஒரு சபையையே நடத்தினார். ஆனால் பிறப்பால் யூதராக இல்லாத ஒருவர் பழைமையான பிரிவுகளில் சேர வேண்டுமென்றால், நீண்ட படிப்புக்குப் பிறகு மூன்று பேர் கொண்ட மன்றத்தின் முன் கட்டளைகளை ஏற்க வேண்டும். உங்கள் நிலையில் அது சுற்றுவழி.

இப்போது பௌத்தம். “எல்லோரும் சொல்கிறார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. படைத்த கடவுள் அங்கே கிடையாது. மாலுங்கியபுத்தர் என்ற துறவி, உலகம் நிரந்தரமா, இறந்தபின் என்ன என்று கேட்டு, பதில் சொன்னால்தான் இருப்பேன் என்று பிடிவாதம் பிடித்தபோது புத்தர் சொன்ன உவமை: நஞ்சு தோய்ந்த அம்பு பாய்ந்தவன், எய்தவன் என்ன குலம், உயரமா குட்டையா, வில்லின் நாண் எதனால் ஆனது என்று தெரிந்தால்தான் அம்பைப் பிடுங்க விடுவேன் என்றால் என்ன ஆவான்? செத்துப்போவான். உங்களைப் போன்ற ஒருவருக்கு இதைவிட ஆறுதலான பக்கம் சமய நூல்களில் அதிகம் இல்லை.

ஆனால் பலர் சொல்லாமல் விடுவதையும் சொல்ல வேண்டும். மறுபிறவியும் வினைப்பயனும் பௌத்த மரபில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருப்பவை இல்லை, நடுவில் இருப்பவை. அவற்றைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்பற்றுகிற நவீனப் பௌத்தர்கள் இருக்கிறார்கள், தாராளமாக நீங்களும் செய்யலாம். ஆனால் ஒரு விகாரைக்குள் போனால் அங்கே விளக்கும் பூவும் பிரார்த்தனையும் இருக்கும். ஆய்வுக்கூடத்தை எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாந்து திரும்புவார்.

அப்புறம் அந்தத் தியானம். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டேன் என்று குற்றம் செய்தவர்போல எழுதியிருக்கிறீர்கள். வரலாற்றில் பெரும்பாலான பௌத்த இல்லறத்தார் தியானம் செய்தவர்களே இல்லை. தானம், ஒழுக்கம், விழா நாட்களில் விகாரை – அவ்வளவுதான் அவர்கள் பௌத்தம். துறவிகளில்கூட எல்லோரும் தியானத்தில் உட்கார்ந்தவர்கள் என்று சொல்ல முடியாது. சாதாரண மக்கள் கூட்டம் கூட்டமாகத் தியானத்தில் உட்காருவது லெடி சயடோ போன்றவர்கள் பர்மாவில் ஆரம்பித்து, 20-ஆம் நூற்றாண்டில் வளர்ந்த வழக்கம். ஆகவே தியானம் வரவில்லை என்றால் பௌத்தம் வரவில்லை என்று அர்த்தமில்லை. வாசலில் கேட்பது திரிசரணமும் பஞ்சசீலமும். புத்தரை, தம்மத்தை, சங்கத்தைச் சரணடைகிறேன் என்பதை “இந்த வழியில் நடந்து பார்க்கிறேன்” என்று நேர்மையாகவே சொல்லிக்கொள்ள முடியும். ஐந்து ஒழுக்கங்கள்தான் கஷ்டம், நான்காவது குறிப்பாக. பொய் சொல்லாமை.

சமணத்திலும் படைப்புக் கடவுள் இல்லை. ஒரே பொருளைப் பல கோணங்களில் பார்க்க வேண்டும், எந்தக் கோணமும் முழு உண்மை இல்லை என்கிற அநேகாந்தவாதம் சந்தேகப் புத்தி உள்ளவர்களுக்கு மிகவும் பிடிக்கும். சாமாயிகம் என்று 48 நிமிடம் அசையாமல் சமநிலையில் இருக்கும் பயிற்சி இல்லறத்தாருக்கும் உண்டு. ஆனால் உயிர், வினை, வீடுபேறு எல்லாம் அங்கே திட்டவட்டமான கொள்கைகள். வினை என்பது உயிரில் வந்து ஒட்டும் நுண்பொருள் என்ற அளவுக்குத் திட்டவட்டம். கடவுளை நம்பாதவருக்கு இடம் உண்டு. எதையுமே நம்பாதவருக்கு மூச்சு முட்டும்.

இந்து மரபுக்குள்ளேயே சாங்கியம், மீமாம்சை என்ற பழைய தத்துவப் பள்ளிகள் இறைவன் இல்லாமல் ஓடிய வண்டிகள்தாம். மீமாம்சகர்களைக் கேட்டால் வேள்வி தன் பலனைத் தானே தரும், நடுவில் ஒருவர் உட்கார்ந்து கொடுக்க வேண்டியதில்லை என்பார்கள். சேர்வதற்கு எல்லோருக்கும் பொதுவான வாசகம் என்று எதுவும் இல்லாததால் நம்பாதவர்களுக்கு வசதி. ஆனால் அங்கே பிறப்பு என்ற இன்னொரு வாசல் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வசதியை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வாயிலிருந்து எதுவுமே கேட்காத சபைகளும் இருக்கின்றன. கிறிஸ்தவத்திலிருந்து கிளைத்த குவேக்கர்களின் மௌனக் கூட்டம் ஒரு மணி நேரம். போதகர் இல்லை, பிரமாணம் இல்லை. யாருக்காவது உள்ளிருந்து சொல்லத் தோன்றினால் எழுந்து சொல்வார், இல்லாவிட்டால் எல்லோரும் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார்கள். கடவுள் நம்பிக்கை இல்லாத குவேக்கர்கள் வெளிப்படையாகவே இருக்கிறார்கள். ஆனால் பெயரை மட்டும் பார்த்து நுழையாதீர்கள். உலகத்திலேயே குவேக்கர்கள் அதிகம் இருக்கும் நாடு கென்யா; அங்கே பெரும்பாலும் பாட்டும் பிரசங்கமுமாக, விவிலியத்தை அப்படியே நம்பும் சபைகள். அடுத்து யூனிட்டேரியன் யுனிவர்சலிஸ்ட்டுகள். 1961-ல் இரண்டு பழைய சபைகள் அமெரிக்காவில் இணைந்து உருவானது. நாத்திகரும் கிறிஸ்தவரும் பௌத்தரும் ஒரே வரிசையில் உட்காரும் இடம். நியூயார்க்கில் ஃபீலிக்ஸ் ஆட்லர் 1876-ல் தொடங்கிய அறநெறிச் சங்கம் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதே இல்லை, செயல்தான் சமயம் என்றது, இன்னும் நடக்கிறது.

புதிதாகவே ஒன்றைக் கட்டிக்கொண்டால் என்ன என்று தோன்றலாம். கட்டியிருக்கிறார்கள். பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஒகுஸ்த் கோம்த் 19-ஆம் நூற்றாண்டில் மனிதகுலத்தையே வணங்கும் மதம் ஒன்றை வடிவமைத்தார். 13 மாதம் கொண்ட நாட்காட்டி, ஒவ்வொரு நாளுக்கும் ஓர் அறிஞரோ கலைஞரோ, அதற்குக் குருமார்கள், சடங்குகள். கிறிஸ்தவத்தைக் கழித்துவிட்ட கத்தோலிக்கம் என்று ஆங்கிலேய உயிரியலாளர் ஹக்ஸ்லி கிண்டல் செய்தார். இன்று அதில் மிஞ்சியிருப்பது ஓரிரு ஆலயங்களும், பிரேசில் நாட்டுக் கொடியில் இருக்கும் “ஒழுங்கும் முன்னேற்றமும்” என்ற வாசகமும். 2013-ல் லண்டனில் இரண்டு நகைச்சுவைக் கலைஞர்கள் கடவுள் இல்லாத ஞாயிறு கூட்டம் தொடங்கினார்கள். பாட்டு, பேச்சு, சிரிப்பு. கிளைகள் மளமளவென்று பரவின, பிறகு பல கிளைகள் அதே வேகத்தில் மூடின. ஏன் என்பதற்கு எனக்குப் பிடித்த விளக்கம் ரிச்சர்ட் சோசிஸ் என்ற மானிடவியலாளர் செய்த ஆய்வில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவின் கூட்டுக் குடியிருப்புகளை எடுத்துப் பார்த்தார். மதம் சார்ந்தவற்றில், உறுப்பினரிடம் அதிகம் கேட்ட குடியிருப்புகள், அதை விடு இதை விடு என்று கட்டுப்பாடு வைத்தவை, அதிக காலம் நீடித்தன. மதம் சாராதவற்றில் அந்தக் கட்டுப்பாடுகள் அப்படிப் பிடித்து நிறுத்தவில்லை. எதையும் கேட்காத இடம் எளிதாக நுழையவிடும், எளிதாக விட்டும் விடும். நீங்கள் தேடும் “வாரம் தவறாமல்” அங்கே கிடைப்பது கஷ்டம்.

மதத்தைப் பகுத்தறிந்து தேர்ந்தெடுத்தவர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அம்பேத்கர். இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935-ல் இயோலாவில் அறிவித்தார். உடனே எங்கேயும் போய்ச் சேர்ந்துவிடவில்லை. சீக்கியத்தைத் தீவிரமாக யோசித்தார், மற்றவற்றையும் படித்தார். 1956 அக்டோபர் 14-ல் நாக்பூரில் பௌத்தம் ஏற்றபோது 21 வருடம் ஓடியிருந்தது. தீட்சைக்காகத் தாமே 22 உறுதிமொழிகள் எழுதினார். மறுபிறவியையும் அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை, தம் அறிவுக்கு ஒத்தபடி விளக்கிக்கொண்டார். அவருடைய காரணங்களும் காயங்களும் வேறு, உங்களுடையவை வேறு; ஒப்பிடவில்லை. அவர் வைத்த உரைகல்லை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: இந்த மதம் தன்னுள் இருக்கும் மனிதரை எப்படி நடத்துகிறது? கடைசியில் இருப்பவரை, பெண்களை, கேள்வி கேட்பவரை, விட்டுப் போகிறவரை? கொள்கைப் புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்காது. போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது அந்த நான்காம் நாளுக்கு வருகிறேன்.

2010-ல் சேயூன் லிம், ராபர்ட் புட்னம் என்ற இருவர் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வழிபாட்டுக்குத் தவறாமல் போகிறவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவோடு இருக்கிறார்கள் என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். ஏன் என்று தோண்டினார்கள். தனியே செய்யும் பிரார்த்தனையோ, கடவுளை எவ்வளவு உணர்கிறார் என்பதோ அதை விளக்கவில்லை. அந்தச் சபையில் நெருங்கிய நண்பர்கள் எத்தனை பேர் என்பதுதான் விளக்கியது. தவறாமல் போயும் அங்கே ஒரு நண்பர்கூட இல்லாதவருக்கு அந்த நிறைவு இல்லை. உங்கள் நண்பன் வீட்டில் நீங்கள் பார்த்தது இதைத்தான்.

எனக்கே நடந்த ஒன்று. தெரிந்தவர் ஒருவரின் இறுதி ஆராதனைக்குப் போயிருந்தேன். எல்லோரும் எழுந்து பாடினார்கள். எனக்குப் பாட்டும் தெரியாது, பாடலாமா என்றும் தெரியவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற வயதான அம்மா பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். பாடிக்கொண்டே, வளைந்துபோன ஆள்காட்டி விரலால் எந்த வரி என்று காட்டினார். அடுத்த வரிக்கு விரல் நகர்ந்தது. அதற்கடுத்த வரிக்கும். நம்புகிறாயா என்று கேட்கவில்லை, நான் பாடுகிறேனா என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது சரணத்தில் நானும் முணுமுணுத்தேன்.

அதனால் உங்களுக்கு என் பதில் இது. பொதுவாக, ஆள் யாரென்று தெரியாமல், நம்பாதவருக்கு எந்த மதம் என்று கேட்டால் நானும் பௌத்தம் என்றுதான் சொல்வேன். உங்களுக்குச் சொல்லமாட்டேன், குறைந்தது முதலில் சொல்லமாட்டேன். தனியாகக் கண்ணை மூடி உட்காருவது உங்கள் பசிக்கு ஆகாது. ஏற்கெனவே தனியாகத்தான் இருக்கிறீர்கள். எந்த வாசல் பொய் கேட்காதோ, எந்தக் கூட்டம் சாவு வீட்டுக்குத் தவறாமல் போகிறதோ, இரண்டும் சேர்ந்த இடத்தைத் தேடுங்கள். அது குவேக்கர் கூட்டமாக இருக்கலாம், ஒரு விகாரையாக இருக்கலாம், அறநெறிச் சங்கமாக இருக்கலாம். நீங்கள் பிறந்த மதமாகவும் இருக்கலாம். அது எதுவென்று நீங்கள் எழுதவில்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அந்த வாசலை 30 வருடத்துக்கு முன் கோபமாகச் சாத்தியிருந்தால், கோபம் இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டு ஏற்கெனவே தெரிந்த இடத்தில் விரலால் காட்ட ஆள் தேவைப்படாது.

நண்பன் வீட்டுக்கு வந்தார்களே, அவர்களையே முதலில் போய்ப் பாருங்கள். “எனக்கு நம்பிக்கை இல்லை, வரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் நீங்கள் யார் வீட்டுக்காவது போகும்போது நானும் கூட வரலாமா?” என்று பொறுப்பில் இருப்பவரிடம் நேராகக் கேளுங்கள். முதல் நாளே கேட்டுவிடுங்கள், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தால் அதுவே பொய்யாக வளரும். அவர் முகம் எப்படி மாறுகிறது என்பதில் உங்களுக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். “வாங்க, வண்டி ஓட்டத் தெரியுமா?” என்று கேட்டால் நல்ல இடம். உங்களை மாற்றியே தீருவது என்று கண் பளபளத்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். ஆரம்பத்திலேயே பணம் கேட்கிற இடத்திலும், குடும்பத்திடம் சொல்லாதே என்கிற இடத்திலும் ஒரு நிமிடம்கூட நிற்க வேண்டாம். துக்கத்தில் இருப்பவரை மோப்பம் பிடித்து வருகிற கூட்டங்கள் உண்டு, அவர்களும் வாரம் தவறாமல் வருவார்கள்.

முறைப்படி மதம் மாறுவது, கையெழுத்துப் போடுவது எதுவும் ஒரு வருடத்துக்கு வேண்டாம். துக்கம் ஆறாத மனதோடு எடுக்கிற பெரிய முடிவுகளைப் பற்றி என் தொழிலில் நிறையப் பார்த்திருக்கிறேன். திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் மதத்தைப் பொறுத்துச் சட்டம் மாறும் நாடுகள் உண்டு. சேர்ந்தபின் விலகுவதே குற்றமாகும் நாடுகளும் உண்டு. உங்கள் இருப்பிடத்தில் என்ன நிலைமை என்று தெரிந்துகொள்ளாமல் காகிதத்தைத் தொடாதீர்கள். கூட நடப்பதற்குக் காகிதம் தேவையில்லை.

மகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அது மதம் முடிவாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த வாரமே ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். புதைப்பதா, எரிப்பதா, உடல் தானமா. என்ன படிக்க வேண்டும், யார் பேச வேண்டும், எந்தப் பாட்டு, எது கூடவே கூடாது. மதச் சார்பற்ற சடங்குகள் ஒன்றும் அதிசயம் இல்லை. நார்வேயில் 1951 முதல் பதின்வயதினருக்குக் கடவுள் இல்லாத உறுதிப்பாட்டு விழா நடக்கிறது; ஸ்காட்லாந்தில் மனிதநேய அமைப்பினர் நடத்தி வைக்கும் திருமணம் 2005 முதல் சட்டப்படி செல்லும்; இறுதிச் சடங்கை நடத்திக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். எழுதும்போது மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு என்ன வேண்டும் என்றும் கேளுங்கள், ஏனென்றால் அந்த நாளில் அங்கே நின்றுகொண்டிருக்கப் போகிறவள் அவள். உங்களுக்குச் சடங்கே வேண்டாம் என்றிருக்கலாம், அவளுக்கு ஒரு விளக்காவது ஏற்றத் தோன்றலாம். அதற்கும் ஒரு வரி எழுதி இடம் விடுங்கள்.

கடைசியாகச் சின்ன விஷயம். முதல் தடவை போகும்போது பின்வரிசையில் ஓரமாக உட்காராதீர்கள். அங்கே உட்கார்ந்தால் முடிந்தவுடன் யாரிடமும் பேசாமல் நழுவிவிடுவீர்கள், எனக்குத் தெரியும். நடுவரிசையில், இரண்டு பேருக்கு நடுவில் உட்காருங்கள். முடிந்ததும் நாற்காலிகளை அடுக்க ஆள் தேடுவார்கள், எழுந்து கூடப் போய் அடுக்குங்கள்.